உலாவிகளின் போட்டியும் தமிழ் எழுத்தும்: திருகோணமலையிலிருந்து ஒரு பார்வை

திருகோணமலையின் உட்துறைமுகத்தைப் பார்த்து நிற்கும் உவர்மலையில், ஆங்கிலப் பலகைகளில் ஓர்ஸ் ஹில் என்று எழுதப்படும் அந்த மேட்டில், கிழக்கு மாகாண ஆளுநரின் செயலகம் இயங்குகிறது. இலங்கை அரசியலமைப்புக்கு 1987இல் வந்த 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988இன் 16ஆம் திருத்தம் வடக்கிலும் கிழக்கிலும் நிருவாகம் தமிழில் நடக்க வேண்டும் என்று வைத்தது. அந்த ஆண்டு அமைந்த வடகிழக்கு மாகாண சபைக்கும், 2007 ஜனவரியில் தனியாகப் பிரிந்த கிழக்கு மாகாணத்துக்கும் தலைமையிடம் திருகோணமலையே. ஆகையால் இங்கே ஒருவர் தன் திரையில் தமிழை ஒழுங்காக வாசிக்க முடிகிறதா என்று கேட்பது, சட்டம் கொடுத்த உரிமை அவர் கைக்கு வந்து சேர்ந்ததா என்று கேட்பதுதான். இணைய உலாவிகளின் வரலாறு வழக்கமாக நெட்ஸ்கேப்புக்கும் மைக்ரோசொப்டுக்கும் நடந்த போராகவும், பிறகு பயர்பொக்ஸ், குரோம் என்று தொடர்ந்த வெற்றி தோல்விகளாகவும் எழுதப்படுகிறது. போட்டி மூண்டபோது நுட்பம் வளர்ந்தது, போட்டி அடங்கியபோது தேங்கியது என்பது அந்த வரலாற்றின் முடிவு. ஆங்கில வாசகருக்கு அது பெரும்பாலும் பொருந்தும். தமிழ் வாசகரின் பக்கமிருந்து அதே முப்பது ஆண்டுகளைப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது: போட்டியாளர்கள் தனித்தனியாகச் செய்து காட்டிய புதுமைகள் தமிழைச் சிதறடித்தன, அவர்கள் அடியில் பொதுவாக ஏற்றுக்கொண்ட தரங்களும் நிரல்களுமே தமிழை நிலைநிறுத்தின. போட்டி பயன்பட்டது, அந்தப் பொது அடித்தளத்தின்மேல் நடந்தபோது மட்டும்.

எழுத்து ஏன் இவ்வளவு சிக்கலாயிற்று என்பதைப் பார்க்கத் திருகோணமலை என்ற பெயரே போதும். கண்ணுக்கு ஆறு எழுத்து. யுனிகோட் முறையில் அது பத்துக் குறிகளாகச் சேமிக்கப்படுகிறது: தகரம், இகரக் குறி, ரகரம், உகரக் குறி, ககரம், ஓகாரக் குறி, ணகரம், மகரம், லகரம், ஐகாரக் குறி. இவற்றை வரிசைப்படி அப்படியே திரையில் வைத்தால் பெயர் வராது. ‘தி’யில் குறி வலப்பக்கம் ஒட்ட வேண்டும். ‘ரு’வில் இரண்டும் கலந்து புது வடிவமாக வேண்டும். ‘கோ’வில் ஒரே குறி இரண்டாகப் பிரிந்து ககரத்தின் இருபுறமும் உட்கார வேண்டும். ‘லை’யில் பின்னால் சேமித்த குறி எழுத்துக்கு முன்னால் போக வேண்டும். இந்த வேலையைச் செய்யத் தெரியாத மென்பொருள், லகரத்தை எழுதி, அதன் பின்னே ஒரு புள்ளி வட்டத்தில் ஐகாரக் குறியை ஒட்டவைத்துக் காட்டும். எழுத்தைக் கோக்கும் இந்த வேலை உலாவியின் வெளித் தோற்றத்திலோ அதன் வேகத்திலோ இல்லை. அது இயங்குதளத்துக்கும் உலாவிக்கும் நடுவில், பயனர் கண்ணில் படாத ஓர் அடுக்கில் நடக்கிறது. விளம்பரத்தில் சொல்லி வாடிக்கையாளரை இழுக்கக்கூடிய அம்சமும் அன்று. போட்டி அங்கே எட்டிப் பார்க்காததற்கு இதுவே முதற் காரணம்.

தமிழ் இணையத்துக்குள் வந்த காலத்தில் அந்த அடுக்கே இல்லை. 1993இல் மொசைக், 1994 டிசம்பரில் நெட்ஸ்கேப் நேவிகேட்டர், 1995 ஓகஸ்டில் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் என உலாவிகள் வரிசையாக வந்தன. அதே 1995 ஒக்டோபரில் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் தமிழ்க் கவிதைகள் இணையத்தில் ஏறின. யுனிகோட் 1991இலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்தும், அதை வாசிக்கத் தெரிந்த கணினி வீடுகளில் இல்லை. எனவே எல்லோரும் ஒரே தந்திரத்தைக் கைக்கொண்டார்கள்: ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துருவைச் செய்வது. இலங்கையிலும் புலம்பெயர்ந்த ஈழத்தமிழரிடையிலும் அப்படிப் பரவியது பாமினி. பாமினியில் திருகோணமலை என்று அடிக்கும்போது கணினியின் நினைவில் பதிவது ஜே, பி, பெரிய யூ, பெரிய என், எஃப், எச், இசட், கே, ஐ, வை என்ற பத்து உரோமன் எழுத்துகள். பாமினி உள்ள கணினியில் அது ஊரின் பெயர். இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கிலக் கோவை. தேடுபொறிக்கும் அது அப்படியே. தமிழகத்து நாளிதழ்களும் வார இதழ்களும் ஆளுக்கொரு எழுத்துருவை வைத்துக்கொண்டன. ஒரு பத்திரிகையை வாசிக்க ஓர் எழுத்துருவை இறக்கி நிறுவ வேண்டும், அடுத்த பத்திரிகைக்கு இன்னொன்று.

இந்த நோய்க்கு உலாவிப் போட்டி கொடுத்த மருந்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும், ஏனென்றால் என் வாதத்தின் வலுவான சான்று அங்கேதான் இருக்கிறது. 1997இல் உலாவிப் போர் உச்சத்தில் இருந்தபோது, நெட்ஸ்கேப் 4உம் எக்ஸ்புளோரர் 4உம் பக்கத்தோடு எழுத்துருவையும் சேர்த்து அனுப்பும் வசதியைக் கொண்டுவந்தன. தமிழருக்கு இதைவிடத் தேவையான வசதி வேறில்லை. வாசகர் எதையும் நிறுவ வேண்டாம், பக்கம் திறந்ததும் தமிழ் தெரியும். ஆனால் நெட்ஸ்கேப் எடுத்தது பிட்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் பி.எஃப்.ஆர். வடிவம், மைக்ரோசொப்ட் எடுத்தது தன் சொந்த ஈ.ஓ.டி. வடிவம். ஒன்று மற்றதில் திறக்காது. தளம் நடத்தியவர்கள் இரண்டு கோப்புகளையும் தனித்தனியாக ஆக்கி வைக்க வேண்டியிருந்தது. 2000 நவம்பரில் வந்த நெட்ஸ்கேப் 6 மொசில்லா நிரலின்மேல் புதிதாகக் கட்டப்பட்டது, அதில் பி.எஃப்.ஆர். ஆதரவே இல்லை. அதை நம்பியிருந்த தமிழ்ப் பக்கங்கள் அந்த வாசகருக்கு மறுபடியும் உரோமன் கோவைகளாயின. ஈ.ஓ.டி. பிழைத்தது, ஆனால் மைக்ரோசொப்டின் உலாவிக்குள் மட்டும். அதிராம்பட்டினத்து உமர்தம்பி செய்த தேனீ எழுத்துரு அந்த வடிவில் எத்தனையோ வலைப்பதிவுகளுக்குக் கைகொடுத்தது. அந்த உழைப்பின் பயன் வேறு உலாவி வைத்திருந்தவருக்குக் கிட்டவில்லை. ஒரே தேவைக்கு இரு நிறுவனங்கள் போட்டிபோட்டு விடை தந்தன. இரண்டு விடைகளும் சேர்ந்து தேவையை இன்னும் மோசமாக்கின.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. குறியீட்டுக் குழப்பம் தமிழரே உண்டாக்கியது, உலாவிகளைக் குற்றம் சொல்லி என்ன பயன் என்று கேட்கலாம். 1997இல் சிங்கப்பூரிலும் 1999 பெப்ரவரியில் சென்னையிலும் நடந்த மாநாடுகள் பொதுக் குறியீட்டைத் தேடின. தமிழக அரசு 1999இல் டாப், டாம் என்ற இரு குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது; இணையத்தில் கூடிய ஆர்வலர்கள் உருவாக்கிய டிஸ்கி என்ற குறியீடு மதுரைத் திட்டம் போன்ற பெரும் முயற்சிகளைத் தாங்கி நின்றது; இலங்கையில் பாமினி அசையவில்லை. பிணக்கு நம்முடையது என்பதை மறுக்க முடியாது. ஆனால் பிணக்கு ஏன் அத்தனை ஆண்டுகள் நீடித்தது என்று கேட்டால் உலாவிகள் மறுபடியும் உள்ளே வருகின்றன. தன் எழுத்துருவைப் பக்கத்தோடு அனுப்ப வசதி கிடைத்த பத்திரிகைக்குப் பொதுக் குறியீட்டுக்கு மாறும் அவசரம் போய்விட்டது. வாசகர் முறையிடவில்லை, அவருக்குத் தமிழ் தெரிந்தது. தேட முடியாது, ஒரு தளத்திலிருந்து வெட்டி மற்றொன்றில் ஒட்ட முடியாது என்ற இழப்பு அன்று யாருக்கும் உறைக்கவில்லை. நோயைத் தாங்கிக்கொள்ளும்படி செய்த வசதி, நோயைத் தீர்க்கும் முயற்சியைத் தள்ளிப்போட்டது.

தீர்வு வந்த திசை வேறு. 2000 பெப்ரவரியில் வெளியான வின்டோஸ் 2000 லதா என்ற யுனிகோட் எழுத்துருவோடு வந்தது. எழுத்தைக் கோக்கும் வேலையை யுனிஸ்கிரைப் என்ற நிரலகம் செய்தது. அடுத்த ஆண்டு வந்த எக்ஸ்பி அதை வீடுகளுக்கும் நெட் கஃபேகளுக்கும் கொண்டுபோனது. கவனிக்க வேண்டியது காலம். 2001இல் எக்ஸ்புளோரர் 6 வந்தபின் நெட்ஸ்கேப் ஏறத்தாழ ஒழிந்துவிட்டது; பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஒரே உலாவியைப் பயன்படுத்தினார்கள்; அடுத்த பதிப்புக்கு 2006 ஒக்டோபர் வரை ஐந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. உலாவி வரலாற்றாசிரியர்கள் இருண்ட காலம் என்று சொல்லும் இதே ஆண்டுகளில்தான் தமிழ் யுனிகோட் வேர்விட்டது. 2003 செப்டெம்பரில் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியது, யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன் அதை வளர்த்தெடுத்தார். 2004இல் தமிழ்மணம் வலைப்பதிவுகளைத் திரட்டத் தொடங்கியது. 2005இல் நூலகம் திட்டம் ஈழத்து நூல்களை மின்னாக்க எழுந்தது. போட்டி செத்துக் கிடந்தபோது தமிழ் தழைத்தது என்றால், தழைக்கவைத்தது போட்டியாக இருக்க முடியாது.

அப்படியானால் ஏகபோகமே மேல் என்று முடிவுகட்டலாமா? முடியாது, அதற்கும் அதே ஆண்டுகளில் சான்று கிடக்கிறது. எக்ஸ்பியில் தமிழ் இருந்தது, ஆனால் உறங்கிக் கிடந்தது. கட்டுப்பாட்டுப் பலகத்தில் பிராந்திய, மொழித் தெரிவுகளைத் திறந்து, மொழிகள் என்ற பகுதிக்குப் போய், சிக்கலான எழுத்துகளுக்கான கோப்புகளை நிறுவு என்ற கட்டத்தில் அடையாளமிட வேண்டும். உடனே கணினி வின்டோஸ் இறுவட்டைக் கேட்கும். சொந்தக் கணினியும் இறுவட்டும் நிருவாகி அனுமதியும் உள்ளவருக்கு அது சில நிமிட வேலை. நெட் கஃபேயில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து உட்கார்ந்தவருக்கோ அலுவலகக் கணினியில் கைவைக்க அனுமதி இல்லாத எழுதுவினைஞருக்கோ அது பூட்டிய கதவு. 2007 ஜனவரியில் விஸ்டா வந்த பிறகே தமிழ் தானாக இயங்கும் நிலை வந்தது. போட்டியாளர் இல்லாத நிறுவனம், தன்னிடம் ஏற்கெனவே இருந்த ஒன்றை இயல்பாகத் திறந்துவைக்க ஐந்து ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டது. பொது அடித்தளம் கிடைத்தபின் அதை எல்லோர் கைக்கும் சேர்க்கப் போட்டியின் நெருக்குதல் வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

2004 நவம்பர் 9ஆம் திகதி மொசில்லாவின் பயர்பொக்ஸ் 1.0 வெளிவந்தது. ஆங்கில உலகில் அதைக் கொண்டாடியதற்குக் காரணங்கள் பல. தமிழில் அதன் தொடக்கம் அவ்வளவு சிறப்பாக இல்லை. பத்தியை இருபுறமும் நேர்ப்படுத்தும் பக்கங்களில் அது எழுத்துக்கும் உயிர்க்குறிக்கும் நடுவில் இடைவெளி விட்டது; ககரம் ஒரு பக்கம், ஓகாரத்தின் துண்டுகள் வேறு பக்கம் எனச் சிதறி நின்றன. லினக்ஸில் தமிழ் சரியாகத் தெரிய பாங்கோ என்ற நிரலகத்தைத் தனியாக இயக்கிவிட வேண்டியிருந்தது. ஆனாலும் இங்கே ஒரு புதுமை இருந்தது: வழுவை யார் வேண்டுமானாலும் பொதுப் பட்டியலில் எழுதலாம், திருத்தத்தையும் அனுப்பலாம். 2008 ஜூனில் வந்த பயர்பொக்ஸ் 3 எழுத்து வரைதலைப் புதிதாக அமைத்தபோது நேர்ப்படுத்தும் குறையும் பாங்கோ தொல்லையும் நீங்கின. பத்மா என்ற நீட்சி பழைய குறியீட்டுப் பக்கங்களைத் திரையிலேயே யுனிகோட்டாக மாற்றிக் காட்டியது. தன்னார்வலரின் உழைப்பால் உலாவியே தமிழ் பேசியது. ஒரு காலத்தில் தமிழ் என்று ஒன்றும், இலங்கைத் தமிழ் என்று இன்னொன்றுமாக இரண்டு பதிப்புகள் வெளியாயின. இப்படி மொழி பிரிவது நல்லதா என்று வாதிடலாம். திகதி, கணினிச் சொற்கள், பெயர்களின் எழுத்துக்கூட்டல் எல்லாம் நீரிணையின் இருகரையிலும் வேறுபடும்போது, சில ஆண்டுகளுக்கு முன் ஓர் எழுத்தையே காட்டத் திணறிய மென்பொருள் இந்த வேறுபாட்டுக்கு இடம்கொடுத்தது சிறிய காரியம் அன்று. நிறுவனங்களின் போட்டி மட்டும் இதைச் செய்யவில்லை. போட்டியாளர்களில் ஒருவர் திறந்த மூலமாக இருந்ததால் நடந்தது.

திறந்த மூலத்தின் பெரும்பயன் ஹார்ஃப்பஸ் என்ற நிரலகம். எழுத்தைக் கோக்கும் அந்த மறைவான வேலைக்கென்றே பேதாத் எஸ்பஹ்போத் முதன்மையாக நின்று வளர்த்தது அது. 2011 மார்ச்சில் பயர்பொக்ஸ் 4 அதை ஏற்றது. பிறகு குரோமும் அன்ரொயிடும் லிபர் ஒபிஸும் ஏற்றன. சந்தையில் முட்டிமோதிய இரண்டு உலாவிகள் ஒரே நிரலால் தமிழைக் கோக்கத் தொடங்கின. எழுத்துருவைப் பக்கத்தோடு அனுப்பும் பழைய கனவும் இம்முறை பொதுத் தரமாக வந்தது: வொஃப் வடிவத்தை மொசில்லா, ஒப்பேரா, மைக்ரோசொப்ட் மூன்றும் சேர்ந்து வேல்ட் வைட் வெப் கொன்சோட்டியத்திடம் கொடுத்தன, 2012 டிசம்பரில் அது பரிந்துரையாயிற்று. 1997இன் இரட்டை வடிவங்களையும் 2012இன் ஒற்றை வடிவத்தையும் அருகருகே வைத்தால் என் வாதம் முழுவதும் அதில் இருக்கிறது. தேவை அதே, வசதி அதே. முதல் முறை போட்டியாளர்கள் வடிவத்தையே ஆயுதமாக்கினார்கள், இரண்டாம் முறை வடிவத்தைப் பொதுவில் விட்டுவிட்டு வேகத்திலும் பாதுகாப்பிலும் மோதினார்கள்.

கைபேசி இந்தச் சண்டையைச் சிறு அளவில் மறுபடி நடத்திக் காட்டியது. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் மலிவான கைபேசிகளிலும் தொடக்கக் கால அன்ரொயிட்களிலும் தமிழ் வெற்றுக் கட்டங்களாகத் தெரிந்தது. அப்போது கைகொடுத்தது ஒப்பேரா மினி. அதன் முகவரிப் பெட்டியில் உள்ளமைவுப் பக்கத்தின் பெயரை அடித்துத் திறந்து, சிக்கலான எழுத்துகளுக்குப் படவடிவ எழுத்துருவைப் பயன்படுத்து என்ற வரிக்கு ஆம் என்று மாற்றினால், ஒப்பேராவின் வழங்கி தமிழ்ச் சொற்களைப் படங்களாக வரைந்து அனுப்பும். நண்பருக்கு நண்பர் சொல்லிப் பரவிய வித்தை அது. சிறிய போட்டியாளர் ஒருவர், பெரியவர்கள் கண்டுகொள்ளாத வாசகரைக் கண்டுகொண்டார் என்பதை மனமார ஒப்புக்கொள்ள வேண்டும். போட்டிக்கு ஆதரவாகச் சொல்லக்கூடிய மிகச் சிறந்த உதாரணம் இதுவே. ஆனால் அது படம். வெட்டி ஒட்ட வராது, தமிழ் வாசித்த ஒவ்வொரு பக்கமும் இன்னொருவரின் வழங்கி வழியாகவே வந்தது. எழுத்தாகவே தமிழ் கைபேசிக்கு வந்தது, அன்ரொயிட் தன் அடித்தளத்திலேயே தமிழ் எழுத்துருவையும் கோக்கும் நிரலையும் சேர்த்த பிறகுதான்.

இன்று நிலை வேறு விதமாகக் கவலை தருகிறது. 2008 செப்டெம்பரில் பிறந்த குரோம் உலகப் பயன்பாட்டில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கைப் பிடித்திருக்கிறது. ஒப்பேரா 2013இல், பக்கத்தை வரையும் தன் சொந்தப் பொறியைக் கைவிட்டது. மைக்ரோசொப்டின் எட்ஜ் 2020 ஜனவரியில் குரோமின் திறந்த மூல அடித்தளமான குரோமியத்துக்கு மாறியது. எக்ஸ்புளோரர் 2022 ஜூனில் ஓய்வுபெற்றது. மிஞ்சியவை குரோமின் பிளிங்க், ஆப்பிளின் வெப்கிட், மொசில்லாவின் கெக்கோ என்ற மூன்று பொறிகள். ஹார்ஃப்பஸைப் பொதுவில் வைப்பது நல்லதென்றால் பிளிங்க்கையும் எல்லோரும் பகிர்ந்துகொள்வது ஏன் தீது, அதுவும் திறந்த மூலம்தானே என்று கேட்பவர் இருக்கிறார். கேள்வி கனமானது. என் பதில், இரண்டிலும் யார் எதைத் தீர்மானிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. தமிழ் எழுத்து எப்படிக் கோக்கப்பட வேண்டும் என்பதில் எந்த நிறுவனத்துக்கும் வருமானம் இல்லை. யுனிகோட் தரமும் எழுத்துரு செய்பவர்களும் சொல்வதை நிரல் செய்கிறது. முழு உலாவிப் பொறியோ விளம்பரம், கண்காணிப்பு, தேடல் எல்லாவற்றையும் தொடுகிறது. அதன் வழியை வகுப்பது விளம்பரத்தால் வாழும் ஒரு நிறுவனம். 2024 ஓகஸ்டில் அமெரிக்க நீதிமன்றம் கூகிள் தேடலில் சட்டவிரோத ஏகபோகத்தைக் காத்துவந்தது என்று தீர்ப்பளித்தது. 2025 செப்டெம்பரில் வந்த தீர்வு குரோமை விற்கச் சொல்லவில்லை. தமிழுக்கு இதில் நேரடி வேலையும் இருக்கிறது. கைபேசியின் ஒடுங்கிய திரையில் நீண்ட தமிழ்ச் சொற்களை வரியிறுதியில் பிரிக்கும் வசதி, தரத்தில் எழுதப்பட்டிருந்தாலும், எந்த மொழிக்கு எந்த உலாவியில் உண்டு என்பது இன்னும் ஆளுக்கு ஆள் மாறுகிறது. அதைச் செய்யும்படி நெருக்க மூன்று பொறிகள் இருப்பது ஒன்று இருப்பதைவிட நல்லது. அதற்கான சொற்பிரிப்பு விதிகள் ஒரே பொதுக் கோப்பாக இருப்பது மூன்றாக இருப்பதைவிட நல்லது.

உலாவிகள் தம் பங்கைப் பெரும்பாலும் செய்துவிட்டன. எழுதுபவர் பக்கம்தான் பாக்கி. இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் 2008இலேயே எஸ்.எல்.எஸ். 1326 என்ற இலக்கத்தில் தமிழுக்கான தரத்தை வெளியிட்டது. தட்டச்சுப் பழக்கம் மாறாதிருக்க ரெங்கநாதன் விசைப்பலகையையும் அதில் சேர்த்தது. பாமினியில் அடித்துப் பழகிய விரல்கள் அதே விசைகளில் யுனிகோட் எழுதலாம். இருந்தும் பாமினி அலுவலக மேசைகளில் உயிரோடு இருக்கிறது. அதில் அடித்து பி.டி.எப். ஆக்கிய சுற்றறிக்கையை எந்தத் தேடுபொறியாலும் தமிழாக அறிய முடியாது, பார்வையற்றவருக்கு வாசித்துக்காட்டும் மென்பொருளாலும் முடியாது. மாகாணத் திணைக்களங்கள் தமது தமிழ் ஆவணங்களை யுனிகோட்டில், எழுத்தாகவே, இணையப் பக்கமாகவே வெளியிட வேண்டும். வெளியிடுமுன் குரோமில் மட்டுமின்றிப் பயர்பொக்ஸிலும் திறந்து பார்க்க வேண்டும். தமிழ் பிழையாகத் தெரியும் பக்கத்தைக் காணும் வாசகர் அதை மொசில்லாவின் வழுப்பட்டியலிலோ குரோமியத்தின் வழுப்பட்டியலிலோ ஒரு திரைப்பிடிப்போடு எழுதிவைக்க வேண்டும். இரண்டு பட்டியல்களிலும் யாரும் கணக்குத் தொடங்கலாம், கட்டணம் இல்லை.